துசிடிடீஸ் நூலில் வரும் சொற்பொழிவுகள் நிஜமா, அவரே எழுதிக்கொண்டதா?

நெல்லை மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் வரலாற்று வரைவியல் தாள் இருக்கிறது. கிரேக்க, ரோமானிய வரலாற்றாசிரியர்களுக்குக் கைடில் ஒதுக்கியிருப்பது சில பக்கங்கள்தான். ஹெரோடோட்டஸ் வரலாற்றின் தந்தை, துசிடிடீஸ் அறிவியல்பூர்வ வரலாற்றின் தந்தை, லிவிக்கு நாட்டுப்பற்று, டாசிட்டஸுக்கு ஒழுக்கபோதனை, ஆளுக்கு இத்தனை நிறை, இத்தனை குறை, முடிந்தது.

அதில் மனசு ஒட்டவில்லை. ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த போரைப் பற்றி துசிடிடீஸ் எழுதியதையே படித்துப் பார்ப்போம் என்று ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை எடுத்து நாலாவது புத்தகம் வரை வந்திருக்கிறேன். நன்றாகவே இருக்கிறது, ஏதென்ஸில் கொள்ளைநோய் பரவும் பகுதியைத் திரும்பவும் எடுத்துப் படித்தேன். ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்கே பார்த்தாலும் யாராவது எழுந்து பேசுகிறார்கள். பெரிக்ளிஸ் பேசுகிறார், கிளியோன் பேசுகிறார், கொரிந்து நகரத் தூதர்கள் பேசுகிறார்கள், ஸ்பார்ட்டாவின் ராஜா பேசுகிறார், எல்லோருமே ஒரே ஆள் எழுதிக் கொடுத்ததை வாசிப்பதுபோல அதே முறுக்கிய வாக்கியங்களில் பேசுகிறார்கள். ஒலிப்பதிவு இல்லாத காலம். இவர் பல வருஷம் நாடு கடத்தப்பட்டு வெளியில் இருந்தவர் வேறு. அப்புறம் எப்படி வார்த்தை வார்த்தையாகத் தெரிந்தது?

அவரே எழுதிக்கொண்டது என்றால் ‘அறிவியல்பூர்வம்’ என்று எந்த அர்த்தத்தில் சொல்கிறார்கள்? இல்லை, நிஜமாகவே பேசியது என்றால் யார் குறித்து வைத்தது? இதையெல்லாம் முறையாகப் படித்தவர்கள் இந்த உரைகளை எப்படிக் கையாளுகிறார்கள் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். தேர்வுக்காக மட்டும் கேட்கவில்லை.


பழஞ்சுவடி:

சரியான இடத்தில் கையை வைத்திருக்கிறீர்கள், இந்தத் துறையில் அதிகம் சண்டை நடந்த இடமே இதுதான்.

முதலில் அவர் தன்னைப் பற்றிச் சொல்லும் வாக்குமூலத்தைப் பாருங்கள், முதல் புத்தகம் 22ஆம் பகுதி. சில உரைகளை நானே கேட்டேன், சிலவற்றை மற்றவர்கள் வந்து சொன்னார்கள், சொன்ன வார்த்தைகளை அப்படியே நினைவில் வைத்திருப்பது எனக்கும் கஷ்டம், அவர்களுக்கும் கஷ்டம். அதனால் அந்தந்தச் சூழலில் அந்தந்த ஆள் என்ன பேசியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறதோ அதை எழுதியிருக்கிறேன், உண்மையில் பேசப்பட்டதன் மொத்தக் கருத்தை முடிந்தவரை ஒட்டி. இதுதான் சாரம். வாக்கியத்தின் முதல் பாதி ஒரு பக்கம் இழுக்கிறது, இரண்டாம் பாதி இன்னொரு பக்கம் இழுக்கிறது. ‘பேசியிருக்க வேண்டியது’ என்பதைப் பிடித்துக்கொண்டு எல்லாம் கற்பனை என்று வாதிடுபவர்கள் உண்டு, ‘ஒட்டி’ என்பதைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட அறிக்கை என்று வாதிடுபவர்களும் உண்டு. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு இது தீராது.

அதனால் ஒவ்வொரு உரையாகத்தான் எடுக்க வேண்டும். போரில் இறந்தவர்களுக்காகப் பெரிக்ளிஸ் ஆற்றிய உரை, கி.மு. 431-430 குளிர்காலம். அப்போது துசிடிடீஸ் ஏதென்ஸில்தான் இருந்திருப்பார், ஊரே கூடிக் கேட்ட பேச்சு, அவர் எழுதியதைப் படிக்கக்கூடிய வாசகர்களில் பலர் அன்று அந்த இடத்தில் நின்றவர்கள். அங்கே ரொம்ப விளையாட முடியாது. இப்போது ஐந்தாவது புத்தகத்தின் கடைசிக்கு வாருங்கள், நீங்கள் இன்னும் வந்திருக்க மாட்டீர்கள். கி.மு. 416, மெலோஸ் தீவு. ஏதென்ஸ் தூதர்களும் மெலோஸ் பெரியவர்கள் சிலரும், தீவு ஏதென்ஸுக்குப் பணிவதா என்று, கதவை மூடிக்கொண்டு பேசுகிறார்கள். பலம் உள்ளவன் முடிந்ததைச் செய்வான், பலம் இல்லாதவன் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்கிற ரகத்தில் நாடகம் மாதிரி மாறி மாறி உரையாடல். துசிடிடீஸ் அப்போது நாடு கடத்தப்பட்டு எட்டு வருஷம் ஆகிறது. பிடிபட்ட மெலோஸ் ஆண்களை ஏதென்ஸ் கொன்றுவிட்டது, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றுவிட்டது. அந்த அறைக்குள் இருந்த யார் வந்து இவரிடம் சொல்லியிருப்பார்கள்? அடுத்த புத்தகம் ஏதென்ஸ் சிசிலி மேல் படையெடுத்து அழிந்துபோகும் கதையோடு தொடங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த உரையாடல் ஏன் அங்கே இருக்கிறது என்று புரியும். பெரிக்ளிஸ் ஏதென்ஸைப் புகழ்ந்து முடித்த கையோடு கொள்ளைநோய் வருவதும் அதே கைவேலைதான். வரிசை அவருடையது.

இருந்தாலும், ஒரு வரலாற்றாசிரியர் நிஜமான பேச்சை என்ன செய்கிறார் என்று நேரடியாகச் சோதிக்க துசிடிடீஸில் வழியில்லை. ரோமில் ஒரு இடத்தில் இருக்கிறது, எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்த விஷயம் அதுதான்.

கி.பி. 48இல் பேரரசர் கிளாடியஸ் ரோமின் ஆட்சி மன்றமான செனட்டில் பேசுகிறார்: வடக்குக் காலியா (இன்றைய பிரான்ஸ் பக்கம்) பகுதிப் பெரிய மனிதர்களையும் செனட்டுக்குள் விட வேண்டும் என்று. டாசிட்டஸ் சுமார் 70 வருஷம் கழித்து எழுதிய ‘ஆண்டறிக்கைகள்’ நூலின் 11ஆம் புத்தகத்தில் இந்த உரை இருக்கிறது. 1528இல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் ஒரு துணி வியாபாரியின் திராட்சைத் தோட்டத்தில் வெண்கலப் பலகை ஒன்று கிடைத்தது, அதில் அதே உரை பொறிக்கப்பட்டிருக்கிறது, அந்தக் காலத்திலேயே பொறித்தது. மேல் பகுதி உடைந்து போயிருந்தாலும் இரண்டு பத்தி நிறைய மிச்சம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்!

பலகையில் இருக்கும் கிளாடியஸ் ஒரு வளவளப் பேராசிரியர். பழைய இத்தாலியின் எட்ருஸ்கர் இனத்தாரின் வரலாற்றைக் கிரேக்க மொழியில் 20 புத்தகமாக எழுதிய மனுஷன் அல்லவா, அதனால் செர்வியஸ் துல்லியஸ் என்ற பழைய ராஜாவுக்கு எட்ருஸ்கர் வழக்கில் மஸ்தார்னா என்று பெயர் என்று எங்கோ போய்விடுகிறார். நடுவில் தன்னையே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உன் பேச்சு எங்கே போகிறது என்று செனட்டர்களுக்குச் சொல்லும் நேரம் வந்துவிட்டது என்கிறார் (அது செனட்டில் யாரோ குறுக்கே கத்தியது என்று நினைப்பவர்களும் உண்டு). முந்தைய வருஷம்தான் இவர் ஆட்சியில் சாகடிக்கப்பட்ட வலேரியஸ் ஆசியாட்டிக்கஸை, பெயரைக்கூடச் சொல்லாமல், கொள்ளைக்காரன் என்று திட்டுகிறார். டாசிட்டஸில் இது எதுவுமே கிடையாது. பேச்சு சுருங்கி, நிமிர்ந்து நிற்கிறது. ஸ்பார்ட்டாவும் ஏதென்ஸும் வென்றவர்களை அந்நியர்களாகவே வைத்திருந்ததால் வீழ்ந்தார்கள் என்று ஒரு வாதம் வருகிறது, பலகையில் மிஞ்சியிருக்கும் பகுதியில் அது இல்லை. ஆனால் அடிப்படை வாதம் அதேதான்: ரோம் எப்போதும் வெளியாட்களைச் சேர்த்துக்கொண்டுதான் வளர்ந்தது, இன்று பழமை என்று நாம் மதிப்பது ஒரு காலத்தில் புதுமை.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு சின்ன இடம். காலியர்கள் ஜூலியஸ் சீசரோடு பத்து வருஷம் போரிட்டார்கள், சரி, அதற்கு எதிரே நூறு வருஷ விசுவாசத்தையும் வையுங்கள் என்கிறார் பலகைக் கிளாடியஸ். டாசிட்டஸின் கிளாடியஸோ, எல்லாப் போர்களையும் எண்ணிப் பார்த்தால் காலியர்களோடு நடந்ததுதான் சீக்கிரம் முடிந்தது என்கிறார். ஒத்துக்கொண்டு சமாளித்த இடம் அடித்துப் பேசும் இடமாக மாறிவிட்டது. டாசிட்டஸ் கையில் செனட்டின் பதிவு இருந்திருக்கும் என்றுதான் பெரும்பாலோர் கருதுகிறார்கள். இருந்தும் இவ்வளவு செய்தார். இதை மனதில் வைத்துக்கொண்டு துசிடிடீஸுக்குத் திரும்பினால், கருத்து பேசியவருடையது, கட்டுமானம் எழுதியவருடையது என்ற அளவில் தொடங்கலாம். எல்லா உரைக்கும் இது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், மெலோஸுக்கு நிச்சயம் பொருந்தாது.


சும்மா ஒருவன்:

சுற்றி வளைப்பானேன், வரலாற்று நாவல் என்று சொல்லிவிட்டுப் போகலாமே. பேச்சையே மாற்றி எழுதுகிறவர் போரை மட்டும் நடந்தபடி எழுதியிருப்பார் என்று எதை வைத்து நம்புவது? நம்ம ஊரில் ஒரு மெய்க்கீர்த்தியைச் சான்றாகக் காட்டினால் ‘புகழ்ச்சி, அப்படியே எடுக்கக் கூடாது’ என்கிறோம். வெள்ளைக்காரன் தன் மூதாதை என்று கொண்டாடுவதால் கிரேக்கருக்கு மட்டும் சலுகையா?


கல்வெட்டுக் கந்தன்:

சும்மா ஒருவனுக்கு: சந்தேகம் நியாயம். சலுகை யாரும் கேட்கவில்லை, சோதித்துப் பார்த்தால் போதும், சோதிக்கவும் முடிகிறது.

துசிடிடீஸ் ஐந்தாவது புத்தகத்தில் கி.மு. 420இல் ஏதென்ஸ், ஆர்கோஸ், மாண்டினியா, எலிஸ் நான்கும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை முழுசாகக் கொடுக்கிறார். அந்த ஒப்பந்தக் கல்லின் ஒரு துண்டு ஏதென்ஸில் கிடைத்திருக்கிறது. சொல் வரிசையிலும் சிறு விவரங்களிலும் வித்தியாசம் இருக்கிறது, பொருள் ஒன்றுதான். ஆக, பேச்சை ஒரு மாதிரி கையாண்டார், ஆவணத்தை இன்னொரு மாதிரி. இரண்டையும் ஒரே தராசில் போட்டால் அவரைப் புரிந்துகொள்ள முடியாது. அவர் ஆவணமே கொடுக்காத இடங்கள் ஏராளம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாரிடம் கேட்டேன் என்றும் பெரும்பாலும் சொல்வதில்லை, அந்த விஷயத்தில் ஹெரோடோட்டஸ் எவ்வளவோ தேவலாம்.

டாசிட்டஸுக்கும் இன்னொரு சோதனை இருக்கிறது. பேரரசர் திபேரியஸின் வளர்ப்பு மகன் ஜெர்மானிக்கஸ் கி.பி. 19இல் அந்தியோக்கியாவில் இறந்ததும் பீசோ என்பவர்மேல் நடந்த வழக்கு. செனட்டின் தீர்மானம் பொறித்த வெண்கலத் துண்டுகள் 1980களின் இறுதியில் தெற்கு ஸ்பெயினில் வெளிப்பட்டன, 1996இல் முழுசாகப் பதிப்பித்தார்கள். குற்றச்சாட்டுகள், தண்டனைகள், பேரரசரின் தாய் லிவியா கேட்டுக்கொண்டதால் பீசோவின் மனைவியை விட்டுவிட்டது, இதெல்லாம் டாசிட்டஸ் சொல்வதோடு பெரிய அளவில் பொருந்துகிறது. தேதிதான் இடிக்கிறது: தீர்மானம் கி.பி. 20 டிசம்பர் 10, டாசிட்டஸைப் படித்தால் வழக்கு அதற்குப் பல மாதம் முன்பே முடிந்ததுபோலத் தெரியும், இதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். ஆனால் ஆளின் சாமர்த்தியம் தேதியில் இல்லை. பீசோ கையில் அடிக்கடி ஒரு சுவடி இருந்தது, அதில் திபேரியஸ் எழுதிய உத்தரவு இருந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், இதை நான் உறுதிப்படுத்த மாட்டேன், ஆனால் மறைக்கவும் கூடாது என்று எழுதுகிறார். பொய்யே சொல்லவில்லை பாருங்கள்! படிப்பவன் மனதில் திபேரியஸ்தான் குற்றவாளி என்று விழுந்துவிட்டது. கோபமோ சார்போ இல்லாமல் எழுதுவேன் என்று முதல் பக்கத்தில் சொன்ன அதே ஆள்தான்.

இந்தத் தகிடுதத்தங்கள் அவர்கள் காலத்து ஆட்களுக்கே தெரியும். பாலிபியஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியரைப் படித்தவர் இங்கே யாராவது உண்டா? மெகலோபோலிஸ் ஊர்க்காரர், கி.மு. 167இல் ஆயிரம் கிரேக்கர்களோடு ரோமுக்குப் பிணையாகக் கொண்டுபோகப்பட்டு 17 வருஷம் அங்கேயே இருந்தவர். இவருடைய 12ஆம் புத்தகம் முழுக்க தீமியஸ் என்று தனக்கு முன்னால் எழுதிய வரலாற்றாசிரியரைப் போட்டு வாங்குவதற்கென்றே எழுதியது. ஐம்பது வருஷம் ஏதென்ஸில் உட்கார்ந்து புத்தகம் புரட்டினால் வரலாறு வந்துவிடுமா, போரைப் பார்க்காதவன் போரைப் பற்றி என்ன எழுத முடியும், பள்ளிக்கூடத்துப் பையன் பேச்சுப் பயிற்சி செய்வதுபோல உரைகளை இட்டுக்கட்டியிருக்கிறான் என்று விளாசுகிறார். வரலாற்றாசிரியனின் முதல் வேலை நிஜமாக என்ன பேசப்பட்டது என்று கண்டுபிடிப்பது, இரண்டாவது அந்தப் பேச்சு ஏன் பலித்தது அல்லது ஏன் பலிக்கவில்லை என்று சொல்வது, இதுதான் அவர் வைக்கும் அளவுகோல். நெல்லை மாணவி கேட்ட கேள்வியை அந்தக் காலத்திலேயே கேட்டிருக்கிறார்.

சொன்னதைச் செய்தும் காட்டினார், பல இடங்களில். ரோமின் மேல் படையெடுத்து வந்த கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலின் வழியைத் தெரிந்துகொள்ள ஆல்ப்ஸ் மலையைத் தானே கடந்தார். ஹன்னிபாலின் படைக்கணக்கு அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், இத்தாலியின் தென்கோடியில் லகீனியம் முனையில் ஹன்னிபாலே வெட்டி வைத்த வெண்கலப் பட்டயத்தைப் பார்த்தேன் என்கிறார்: ஆப்பிரிக்கக் காலாட்படை 12,000, ஐபீரியர் 8,000, குதிரைப்படை 6,000க்கு மேல் இல்லை. ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் இருந்த பழைய ஒப்பந்தங்கள் ரோமில் வெண்கலத்தில் இருக்கின்றன, அவற்றைப் பார்க்காமல் முன்னால் எழுதியவர்கள் உளறியிருக்கிறார்கள் என்று அந்த ஒப்பந்தங்களைத் தன் நூலில் சேர்த்தும் விடுகிறார். ஆனால் அவருக்கும் ஊர்ப்பாசம் உண்டு. பிலார்க்கஸ் என்பவர் மாண்டினியா வீழ்ந்தபோது பெண்கள் தலைவிரி கோலமாக அழுததை எழுதி வாசகரை அழவைக்கிறார், இது துன்பியல் நாடகம், வரலாறு இல்லை என்று திட்டுகிறார் அல்லவா, அந்த மாண்டினியாவை வீழ்த்தியது இவருடைய ஊர் சேர்ந்திருந்த அக்காயக் கூட்டணி. இவர் அப்பா பிற்பாடு அதே கூட்டணியின் தளபதியாக இருந்தவர். மெகலோபோலிஸை நாசமாக்கிய ஸ்பார்ட்டா ராஜாவுக்கு ஆதரவாக எழுதியவர் பிலார்க்கஸ். முறையியல் விமர்சனம் என்று பாடநூல்கள் மேற்கோள் காட்டும் பகுதிக்குள்ளே இவ்வளவு பழைய பகை இருக்கிறது.


நெல்லை மாணவி:

ரொம்ப நன்றி, இரண்டு பேருக்கும். கிளாடியஸ் உரை இரண்டையும் தேடி எடுத்துவிட்டேன், அந்தப் பத்து வருஷ விஷயம் அப்படியே இருக்கிறது!

இன்னும் இரண்டு கேள்வி. லிவியைப் பற்றி யாரும் பேசவே இல்லையே, அவர் வெறும் கதைசொல்லிதானா? அப்புறம் ஹெரோடோட்டஸ். வகுப்பில் கேட்டால் ‘அவர் பொய் சொல்லுவார், எறும்பு தங்கம் தோண்டும் என்று எழுதியவர்’ என்று சிரித்து முடித்துவிடுகிறார்கள்.


மாலை வாசகர்:

ஹெரோடோட்டஸ் பற்றி என்றால் நான் வந்துவிடுவேன்.

எறும்புக் கதை மூன்றாவது புத்தகத்தில் இருக்கிறது, நரியைவிடப் பெரிய எறும்புகள், இந்தியாவில் என்று. ஆனால் அங்கேயே, இது பாரசீகர்கள் சொல்வது என்றும் எழுதியிருக்கிறார். அவருடைய வழக்கமே அது. ஏழாவது புத்தகத்தில் நேரடியாகவே சொல்கிறார்: சொல்லப்பட்டதைச் சொல்வது என் கடமை, அதை நம்ப வேண்டும் என்ற கடமை எனக்கு இல்லை, இது என் நூல் முழுமைக்கும் பொருந்தும். எகிப்தைப் பற்றிய இரண்டாவது புத்தகத்தின் நடுவில் நின்று, இதுவரை நான் கண்ணால் பார்த்தது, என் ஊகம், விசாரித்தது, இனிமேல் எகிப்தியர்கள் சொன்னது என்று கோடு போடுகிறார். அந்தக் கோட்டை அவர் எல்லா இடத்திலும் ஒழுங்காகக் காப்பாற்றவில்லை, உண்மைதான், சில இடங்களில் யார் சொன்னார்கள் என்பதே ஜோடிப்பு என்று வாதிட்ட அறிஞர்களும் இருக்கிறார்கள். ஆனால் கோடு போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே பெரிய விஷயம் என்பது என் கட்சி.

அதனால் ஒரு விசித்திரமான பலன் கிடைத்தது. எகிப்து ராஜா நெக்கோ அனுப்பிய ஃபினீசியர்கள் செங்கடலில் கிளம்பி ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மத்தியதரைக் கடல் வழியாகத் திரும்பினார்கள் என்று நாலாவது புத்தகத்தில் ஒரு செய்தி. போகும் வழியில் சூரியன் வலது கைப் பக்கம் இருந்தது என்று அவர்கள் சொன்னார்கள், நான் நம்பவில்லை, வேறு யாராவது நம்பலாம் என்கிறார். தெற்குக் கோடியில் மேற்கு நோக்கிப் போனால் நண்பகல் சூரியன் வலது பக்கம்தான் இருக்கும்! அவர் நம்பாத அதே விவரத்தை வைத்துத்தான் அந்தப் பயணம் நடந்திருக்கலாம் என்று இன்று பலர் சொல்கிறார்கள். நம்பாததை வெட்டி எறிகிற துசிடிடீஸ் கையில் இந்தத் தகவல் கிடைத்திருந்தால் நமக்கு வந்தே சேர்ந்திருக்காது என்று எனக்குத் தோன்றும்.

எண் விஷயத்தில் அவரை நம்பாதீர்கள். கிரேக்கத்தின் மேல் படையெடுத்த பாரசீக ராஜா செர்க்ஸஸின் படையோடு வந்த ஆட்கள் மொத்தம் 5,283,220 என்று கடைசி இருபது வரை கூட்டிச் சொல்கிறார், அவ்வளவு பேரை அந்த வழியில் நடத்திக்கொண்டு வரவே முடியாது.

‘வரலாற்றின் தந்தை’ என்ற பட்டம் ரோமானியப் பேச்சாளர் சிசரோ கொடுத்தது. அவர் ‘சட்டங்கள் பற்றி’ நூலில் சொன்னதை முழுசாகப் படியுங்கள்: வரலாற்றின் தந்தையான ஹெரோடோட்டஸிலும் தியோபோம்பஸிலும் எண்ணற்ற கட்டுக்கதைகள் இருக்கின்றன. பட்டமும் குட்டும் ஒரே மூச்சில். தேர்வில் இந்தப் பாதியையும் சேர்த்து எழுதினால் திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

சிசரோ சொன்னதைக் கேட்டு அவரையும் ரொம்ப நம்பிவிடாதீர்கள். பொய் சொல்லத் துணியாதே, உண்மையை மறைக்கத் துணியாதே என்று வரலாற்றுக்கு விதி எழுதி வைத்தவரும் அவர்தான். கி.மு. 55இல் லுக்கேயஸ் என்ற நண்பருக்கு, நான் கான்சலாக (ரோமின் உச்சப் பதவி) இருந்த காலத்தைப் பற்றி எழுதும்போது வரலாற்றின் விதிகளைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு என்னைத் தாராளமாகப் புகழ்ந்து எழுதுங்கள் என்று கடிதம் போட்டவரும் அவர்தான். அந்தக் கடிதமும் தப்பிப் பிழைத்து நம் கைக்கு வந்துவிட்டது, பாவம்.


பழஞ்சுவடி:

லிவி விட்டுப்போனது என் தப்பித்தல், அவர் எழுதிய 142 புத்தகத்தில் 35தான் மிஞ்சியது, அதுவே மலை மாதிரி இருக்கும். கதைசொல்லி என்பது சரிதான், ஆவணம் தேடிப் போகிறவர் இல்லை, முன்னால் எழுதியவர்களை எடுத்து, ஒருவரோடு ஒருவர் முரண்பட்டால் சில சமயம் சொல்லிவிட்டு, சில சமயம் சொல்லாமல், தன் நடையில் திரும்ப எழுதுகிறவர். ஆனால் நாலாவது புத்தகம் 20ஆம் பகுதியை மட்டும் அவசியம் படியுங்கள்.

கோசஸ் என்ற வீரன் எதிரி ராஜாவைத் தன் கையாலேயே கொன்று, அவன் கவசத்தைக் கோயிலில் காணிக்கை வைத்தான். கோசஸ் அப்போது படைத்தளபதிக்குக் கீழே இருந்த ஒரு அதிகாரி என்று எனக்கு முன் எழுதிய எல்லோரும் சொல்கிறார்கள் என்று லிவி கதையை நடத்திக்கொண்டு போகிறார். திடீரென்று நிறுத்தி, ஆனால் கோயிலைப் புதுப்பித்த அகஸ்டஸ் சீசரே உள்ளே போய் அந்த நாரிழைக் கவசத்தில் கோசஸ் கான்சல் என்று எழுதியிருப்பதைப் படித்ததாகச் சொல்லக் கேட்டேன், சீசரின் சாட்சியத்தைக் கோசஸிடமிருந்து பறிப்பது கிட்டத்தட்ட தெய்வ நிந்தனை என்கிறார். இதற்குச் சில வருஷம் முன்னால்தான், கி.மு. 29இல், கிராசஸ் என்ற ஆளுநர் இன்னொரு ராஜாவை அதேபோலக் கொன்றிருந்தார். கோசஸ் சாதாரண அதிகாரியாக இருந்துகொண்டே அந்தக் காணிக்கை வைத்திருந்தால் கிராசஸும் அதே மரியாதையைக் கேட்கலாம், கான்சலாக இருந்தால் கேட்க முடியாது. அகஸ்டஸுக்கு எது வசதி என்று சொல்லத் தேவையில்லை. லிவி அதைப் பேசவில்லை. பேரரசர் சொன்னதைப் பவ்வியமாகப் பதிவு செய்துவிட்டு, தன் கதையில் கோசஸை அதிகாரியாகவே விட்டுவைத்திருக்கிறார். பயமா, குறும்பா, திருத்த நேரமில்லையா, நீங்களே முடிவு செய்யுங்கள். நான் அதைப் படிக்கும் நாளைப் பொறுத்து மாறுவேன்.

எதைப் படிக்கலாம் என்பதற்கு: தலையணை நூல்களுக்கு நடுவில் லூசியன் எழுதிய ‘வரலாறு எழுதுவது எப்படி’ என்ற சின்ன நூலை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் நூற்றாண்டு. ரோமின் கிழக்கத்திய எதிரிகளான பார்த்தியர்களோடு கி.பி. 161 முதல் 166 வரை போர் நடந்ததும் ஆளாளுக்கு வரலாறு எழுதக் கிளம்பிவிட்டார்கள், அவர்களைக் கிண்டல் செய்வதுதான் நூல். ஒருவர் துசிடிடீஸின் முதல் வரியில் பெயரை மட்டும் மாற்றித் தொடங்கி, சொற்பொழிவையும், கொள்ளைநோயையும்கூட அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டாராம். இன்னொருவர் கொரிந்தை விட்டு வெளியே கால் வைக்காதவர், காதைவிடக் கண்ணே நம்பத்தகுந்தது, பார்த்ததைத்தான் எழுதுகிறேன் என்று ஆரம்பித்து, பார்த்தியர் படையில் கம்பத்தில் கட்டிப் பறக்கவிடும் பாம்புக் கொடிகளை உயிருள்ள பாம்புகள் என்று எழுதி வைத்தாராம். சிரித்துக்கொண்டே படித்துவிடலாம். எது வழக்கம், எது அத்துமீறல் என்று அந்தக் காலத்து வாசகர்கள் எங்கே கோடு போட்டார்கள் என்பதும் தெரியும்.


சும்மா ஒருவன்:

சரி, நாவல் என்று சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் பாலிபியஸைப் படிக்கப் போகிறேன். ஒரு சந்தேகம், இந்த மாதிரிச் சோதனையை மெகஸ்தனிஸுக்கு யாராவது செய்தார்களா? பாண்டிய நாட்டை அரசி ஆண்டாள் என்று எழுதியவர் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்களே.


கல்வெட்டுக் கந்தன்:

அவர் நூலே நமக்கு இல்லை, அதுதான் முதல் சிக்கல். கி.மு. 300 வாக்கில் கிரேக்க அரசர் செல்யூக்கஸின் தூதராகப் பாடலிபுத்திரத்துக்கு வந்தவர், எழுதிய ‘இண்டிகா’ தொலைந்துவிட்டது. பிற்காலத்தவர்கள் எடுத்தாண்ட துணுக்குகள்தான் கையில் இருக்கின்றன. பாண்டையா கதையை ஆரியன் தருகிறார், இவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டு, ரோமின் கீழ் ஆளுநராகவும் இருந்த கிரேக்கர். ஹெராக்ளிஸ் (கிரேக்கப் புராண வீரன்) தன் மகள் பாண்டையாவுக்கு ஒரு நாட்டையும் 500 யானை, 4,000 குதிரை, 130,000 காலாட்படையும் கொடுத்தார் என்று வருகிறது. அந்த நாட்டுப் பெண்கள் ஏழு வயதில் கல்யாணத்துக்குத் தயார் என்றும் வருகிறது, அந்த இடத்தில் ஆரியனே மாட்டிக்கொள்ளாமல் நழுவுகிறார்: ஹெராக்ளிஸுக்கு மகளைச் சீக்கிரம் வளர்க்கும் சக்தி இருந்தால் தன் ஆயுளை நீட்டிக்கொண்டிருக்கலாமே என்கிறார். புவியியல் எழுதிய ஸ்ட்ராபோ இன்னும் மோசம், இந்தியாவைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் புளுகர்கள், மெகஸ்தனிஸ் அதில் முன்வரிசை என்று திட்டிவிட்டு, பக்கம் பக்கமாக அவரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறார்.

பாண்டியர் என்ற பெயர் அவ்வளவு முன்னாலேயே வடக்கே வந்த ஒரு கிரேக்கர் காதுக்கு எட்டியிருக்கிறது, அதுவரை எடுக்கலாம் என்று பலரும் ஒத்துக்கொள்வார்கள். ஹெராக்ளிஸ் என்று அவர் எந்த இந்தியத் தெய்வத்தைச் சொன்னார் என்பதிலேயே ஒருமித்த கருத்து இல்லை. மதுரை மீனாட்சியோடு முடிச்சுப் போடுவது அதற்கும் மேலே கட்டிய மாடி. நீங்கள் எங்காவது இதை எழுதினால் ‘மெகஸ்தனிஸ் சொன்னதாக ஆரியன் எழுதுகிறார்’ என்று எழுதுங்கள், நடுவில் 400 வருஷம் இருக்கிறது.